இருபது டெசிபல்

அவள் வேலை பார்த்தது பாட்டுப் பிளேயர் செய்கிற கம்பெனியில். ஆனால் அங்கே அவள் பாட்டுக் கேட்டதே இல்லை. அவள் மேஜைக்கு வரும் பிளேயர்களில் ஒரே சுருதியில் நீளமாக ஓடும் ஒரு ஒலி மட்டும்தான் இருக்கும். அதையும் யாரும் காதால் கேட்பதில்லை. ஹெட்போன் செருகும் துளையில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகுவாள். முப்பத்திரண்டு ஓம். கடையில் விற்கும் ஹெட்போன்கள் பெரும்பாலும் அந்த மின்தடையில்தான் வருகின்றன என்பதால் அந்த அளவு. ரெசிஸ்டரின் இரண்டு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்து, எத்தனை வோல்ட் என்று பார்த்து, பிளேயர் ஹெட்போனுக்கு எவ்வளவு பவர் தரும் என்று கணக்குப் போடுவாள். முப்பது மில்லிவாட்டுக்குக் குறையாமல் வந்தால் தேறியது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளேயர்கள். ஒரு சின்ன பேட்டரி. அதிலிருந்து முப்பது மில்லிவாட் வாங்குவது லேசான காரியமில்லை என்று லேப் சீனியர் அடிக்கடி சொல்வார். அவருடைய வழுக்கையையும் கண்ணாடியையும் வைத்து எல்லோரும் அவரை "வாத்தியார்" என்றுதான் கூப்பிட்டார்கள். சத்தம் போதவில்லை என்று எந்த வாடிக்கையாளராவது எழுதினால் வாத்தியார் அதை உரக்கப் படித்துவிட்டு, "காது டாக்டரைப் பாருங்கன்னு பதில் போட்டுடலாமா?" என்பார். லேப் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சத்தம் வராமல் சிரிப்பதுதான் அவள் வழக்கம்.

புது மாடலின் பெட்டியில் அவள் அளந்த எண் அச்சாகி வந்தது. பெயர் இல்லை, எண் மட்டும்தான். இருந்தாலும் ஒரு பிளேயரை ஊழியர் விலைக்கு வாங்கி அம்மாவுக்குக் கொண்டுபோனாள். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். என்ன என்று சொல்லவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே" என்றாள்.

அம்மாவின் வேலை காதோடு சம்பந்தப்பட்டது. விசாரணைகளில், கூட்டங்களில் பதிவு செய்த பேச்சைக் கேட்டு வரி விடாமல் டைப் செய்து கொடுக்கும் ஆபீஸ் அது. பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம். மின்விசிறி ஓடுகிற அறையில், பத்துப் பேர் இருமுகிற கூட்டத்தில், மூலையில் உட்கார்ந்து முணுமுணுக்கிறவர் என்ன சொன்னார் என்று அம்மாவால் சொல்ல முடியும். ஆபீசில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். தெளிவில்லாத பதிவு எது வந்தாலும், "பாம்புக்காதுகிட்ட குடு" என்பார்கள். அங்கே ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. கேட்காததை யூகித்து எழுதக் கூடாது. புள்ளி புள்ளியாக வைத்து, "கேட்கவில்லை" என்று பக்கத்தில் போட வேண்டும். அம்மாவின் பக்கங்களில் புள்ளிகள் இருக்காது.

அம்மா பயன்படுத்திய பழைய மேஜை மெஷின் அந்த மாதம் நின்றுபோனது. ஆபீசும் பதிவுகளை மெமரி கார்டில் கொடுக்க ஆரம்பித்திருந்தது. பிளேயர் சரியான நேரத்தில் வந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கார்டைப் போட்டு, அம்மா தன்னுடைய ஹெட்போனைச் செருகினாள். ஆபீசில் சேர்ந்தபோது கொடுத்த கனமான பழைய ஹெட்போன் அது. சுருள் வயர். தலைப்பட்டையின் ரெக்சின் உரிந்துபோனதால் அம்மா பூப்போட்ட துணியில் ஒரு உறை தைத்து முழுக்க மூடியிருந்தாள். காதுக்குள் நுழைக்கும் சின்ன இயர்போன்கள் அவளுக்கு நிற்காது. நமைச்சல் வேறு.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா, "இதுல சத்தம் கம்மியா இருக்கேடி" என்றாள்.

அவள் வந்து பார்த்தாள். வால்யூம் கடைசி வரை போயிருந்தது. முப்பத்தொரு மில்லிவாட் வருவதை அவளே அளந்திருக்கிறாள். "இதுக்கு மேல வெச்சா காதுக்குக் கெடுதல்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது அம்மாவிடம் பெரிய வேலை வந்திருந்தது. ஒரு கிடங்கில் நடந்த தீ விபத்தைப் பற்றிய விசாரணை. அதில் காவல்காரர் ஒருவர் சாட்சி சொல்கிறார். நெருப்பில் புகை குடித்த தொண்டை, காற்றாகத்தான் குரல் வருகிறது. அந்தப் பதிவை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது என்று சூப்பர்வைசர் அம்மாவுக்கே ஒதுக்கியிருந்தார். இதை நன்றாக முடித்தால் கேட்டு டைப் செய்யும் பிரிவுக்கே அம்மாதான் பொறுப்பு என்றும் பேச்சு இருந்தது.

அம்மாவின் பக்கங்களில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு வரி வரியாக. அம்மா ஹெட்போனைக் காதோடு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது. ஹெட்போன் காதில் இருந்தால் யாருக்குத்தான் கேட்கும்? ஆனால் அண்ணி அண்ணனைப் பார்த்தாள், அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"நீதானே சவுண்ட் இன்ஜினியர்? டெஸ்ட் பண்ணிப் பாரேன்" என்றான்.

அவள் இன்ஜினியர் இல்லை, பௌதிகப் பட்டதாரி. அதை அவள் திருத்தவில்லை. டெஸ்ட் செய்வது அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம். வீட்டில் ஒருவர் அதைக் கேட்டது முதல் தடவை.

படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் ஒலிகளைத் தயாரித்துப் பிளேயரில் ஏற்றினாள். முதலில் தன் இயர்போனில் தானே கேட்டு, எந்தப் படி வரை கேட்கிறது என்று குறித்துக்கொண்டாள். பிறகு கூடத்தில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தாள். அம்மா தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அண்ணன் டிவியை நிறுத்தினான். அண்ணி கதவோரம் நின்றாள்.

அம்மா கை தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை போல முதலில் வேகமாக. போகப் போகக் கை தயங்கியது. அப்புறம் மடியிலேயே இருந்தது. மெல்லிய ஒலிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது வருகிறதா, தூக்கவா என்று கேட்கிற மாதிரி. அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இருபது டெசிபல் போயிருக்கு" என்றாள் அவள்.

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

அவள் விளக்கினாள். வயசானால் வருவதுதான், மெஷினில் பல வருஷம் கேட்டதும் காரணமாக இருக்கலாம் என்றாள். அம்மா, "ஆனா நீங்க பேசறதெல்லாம் எனக்குக் கேக்குதே" என்றாள். எதிரே பேசும்போது வாயசைவைப் பார்த்தே பாதி புரிந்துவிடும், அது நமக்குத் தெரியாது என்று அவள் சொன்னாள். எங்கோ படித்தது. சொல்லும்போது சரியாகவே இருந்தது.

அண்ணன், "நல்லாயிருக்கு போ. வீட்டுல ஒருத்தி வாயைத் திறக்க மாட்டா. ஒருத்தருக்குக் காது கேக்காது. நல்ல ஜோடி" என்றான். அம்மாவும் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து அண்ணி அம்மாவிடம் கத்திப் பேச ஆரம்பித்தாள். "அத்தை, தண்ணி வேணுமா, தண்ணி!" என்று கையைக் குவித்துக் காட்டினாள். கெட்ட எண்ணம் இல்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் லேசாகப் பின்னால் நகர்ந்து, "வேணும்மா" என்றாள்.

அந்த வாரம்தான் சூப்பர்வைசர் போன் செய்தார். அம்மா குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது, உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த அம்மாவின் போனை அவள் எடுத்தாள். தெரியாதவர்களிடம் போனில் பேசுவது அவளுக்கு வராது. ம், சரி, சொல்றேன் என்ற மூன்று சொற்களில் முடித்துவிடுவாள். ஆனால் சூப்பர்வைசர், பக்கமெல்லாம் புள்ளியாக இருக்கிறதே, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தபோது அவளிடம் பதில் இருந்தது. அளந்த பதில். அவள் தடங்கல் இல்லாமல் பேசினாள். எப்படிச் சோதித்தாள், எத்தனை படி, எவ்வளவு குறைவு என்று சொன்னாள். அம்மாவை ரொம்பச் சிரமப்படுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். சூப்பர்வைசர், "நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்றார். போனை வைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிடங்கு விசாரணை வேறு ஒரு பெண்ணிடம் போனது. அம்மாவை ஆபீசின் பின்னறைக்கு மாற்றினார்கள். டைப் செய்த பக்கங்களுக்குத் துளை போட்டு, நூல் கோத்துக் கட்டும் வேலை. அம்மா வீட்டுக்கு வந்து, "இனிமே வீட்டுக்கு வேலை கொண்டுவர வேண்டாமாம்" என்று மட்டும் சொன்னாள். யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீசுக்குச் சொந்தமானது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். பூப்போட்ட உறையைத் தையல் பிரித்துக் கழற்றி, துவைக்க எடுத்துப் போனாள். ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. அவள் டீ டம்ளரை வைக்க இடம் தேடி அதை நகர்த்தினாள்.

தலைப்பட்டையின் உலோகத்தில், இத்தனை வருஷம் துணிக்கு அடியில் இருந்த இடத்தில், மூன்று இலக்கம் பொறித்திருந்தது. அறுநூறு. பக்கத்தில் ஓமின் குறி.

அவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

கணக்கு தானாக ஓடியது. பிளேயர் தருவது ஏறக்குறைய ஒரு வோல்ட். முப்பத்திரண்டு ஓமுக்கு அது முப்பத்தொரு மில்லிவாட். அறுநூறு ஓமுக்கு அதே ஒரு வோல்ட் இரண்டு மில்லிவாட்கூட இல்லை. சின்ன பேட்டரியால் அவ்வளவு மின்தடையைத் தள்ள முடியாது. பழைய மேஜை மெஷின் சுவரிலிருந்து மின்சாரம் எடுத்தது, அதனால் தள்ளியது. பிளேயரில் இந்த மின்தடையால் மட்டும் போவது பதின்மூன்று டெசிபல். பழைய ஹெட்போன்கள் கொடுத்த பவருக்கு எழுப்பும் சத்தமும் குறைவு. அதில் குறைந்தது ஒரு ஏழு.

இருபது.

அம்மாவின் காதில் அவள் கண்டுபிடித்த இருபது அம்மாவின் காதில் இல்லை. தன்னை ஒரு இயர்போனில் சோதித்துவிட்டு அம்மாவை வேறொன்றில் சோதித்திருக்கிறாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது முதலாம் ஆண்டு லேபில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. அவள் காதையும் மாற்றி, ஹெட்போனையும் மாற்றி, குறையைக் காதின் தலையில் போட்டிருக்கிறாள்.

ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டினாள். பிளேயரில் அதே ஒலிகளைப் போட்டாள். அம்மாவின் கை நின்ற இடத்துக்கு இரண்டு படி முன்னாலேயே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எவ்வளவு சுலபமாக இருந்தது. இத்தனை வாரத்தில் ஒரு தடவையாவது அம்மாவின் ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவேயில்லை. அம்மாவின் காதைச் சந்தேகப்பட்டாள், பெட்டியில் அச்சான எண்ணைச் சந்தேகப்படவில்லை.

அம்மா ஈரக்கையோடு வந்து, "என்னடி, டீ ஆறுது" என்றாள். சொல்லியிருக்கலாம். ஹெட்போனை நாளைக்குத் தானே கொண்டுபோய் ஆபீசில் கொடுப்பதாக மட்டும் சொன்னாள். அம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

திங்கட்கிழமை லேபில் வாத்தியாரிடம் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று கேட்டாள். பிளேயருக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வைக்கிற, தனி மின்சாரம் உள்ள டப்பா. எதற்கு என்று கேட்டார். அறுநூறு ஓம் ஹெட்போனுக்கு என்றாள். அவர் சிரித்து, "நம்ம பிளேயர்ல அறுநூறு ஓமா? எந்த அறிவாளி பண்ண வேலை அது?" என்றார். அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். அரைநாள் லீவு போட்டாள்.

அம்மாவின் ஆபீஸ் ஒரு நீளமான கூடம். இரண்டு வரிசையில் டைப் செய்கிறவர்கள், எல்லோர் காதிலும் ஹெட்போன். கோடியில் சூப்பர்வைசரின் மேஜை. அதற்கும் அப்பால் பாதி திறந்த கதவு, பின்னறை. துளை போடும் மெஷின் டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் ஹெட்போனையும் பிளேயரையும் டப்பாவையும் மேஜைமேல் வைத்தாள். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள். சொன்னாள்.

சூப்பர்வைசர் முன்னால் குனிந்து, "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. ஒண்ணுமே கேக்கல" என்றார்.

அவள் மறுபடி சொன்னாள். டைப் சத்தத்தில் அது கரைந்தது. சூப்பர்வைசர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். முதல் வரிசையில் ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். வந்தவளுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. டப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி. "நான்தான் தப்பா அளந்தேன். நான் உங்ககிட்ட போன்ல சொன்னது தப்பு."

விரல்கள் நின்றன. வரிசை முழுக்க ஹெட்போன்கள் இறங்கின. மிச்சத்தையும் அவள் அந்தக் குரலிலேயே சொல்ல வேண்டியிருந்தது. பிளேயருக்குப் பவர் போதாததை, ஹெட்போனைப் பார்க்காமல் விட்டதை, இருபது எங்கேயிருந்து வந்தது என்பதை. அவ்வளவு சத்தமாக அவள் வாழ்நாளில் பேசியதில்லை. சொந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

பின்னறைக் கதவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் நூல் கோத்த ஊசி.

"அக்கா, உங்க பொண்ணு சொன்னதைக் கேட்டீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"கேட்டேன்" என்றாள் அம்மா. "மொதல்ல மெதுவா சொன்னாளே, அப்பவே கேட்டுச்சு."

சூப்பர்வைசர் தன் நாற்காலியைப் பார்த்தார், பின்னறைக் கதவைப் பார்த்தார். "பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்கே கேக்கலையேக்கா" என்றார். யாரோ, "பாம்புக்காது சும்மாவா" என்றார்கள். கூடம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கிடங்கு விசாரணையின் கார்டு இன்னும் அங்கேதான் இருந்தது. அந்த வேலை போய்ச் சேர்ந்த பெண்ணின் பக்கங்களிலும் காவல்காரரின் குரல் வருமிடமெல்லாம் புள்ளிகள்தான். அவள் கார்டைப் பிளேயரில் போட்டு டப்பாவை இணைத்தாள். பிளக் இரண்டு தடவை நழுவியது. அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டப்பாவின் திருகைத் தானே தொட்டு, "இவ்வளவு வேண்டாம்" என்று பாதிக்கும் கீழே இறக்கினாள். கண்ணை மூடினாள். பிறகு டைப் செய்ய ஆரம்பித்தாள். ஒரு வரி. இன்னொரு வரி. புள்ளிகளே இல்லை.

முதல் பாதி டைப் ஆகி ஏற்கெனவே விசாரணைக்குப் போய்விட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது, மிச்சத்தை அக்காவே பார்க்கட்டும் என்றார் சூப்பர்வைசர். கேட்டு டைப் செய்யும் பிரிவின் பொறுப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்பதை அவள் சுவரில் ஒட்டியிருந்த புது அறிவிப்பில் பார்த்தாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். டப்பா அவள் பையில் கனத்தது. அம்மா வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு போன்ல நான்..." என்றாள் அவள்.

"தெரியும்" என்றாள் அம்மா. "போன் அடிச்சுதேன்னு குழாயை மூடினேன்."

சாத்திய கதவு. அதற்கப்பால் கூடத்தின் மறுகோடியில் மேஜை. தான் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ரொம்பச் சிரமப்படுத்த வேண்டாம் என்று முடித்தது வரை.

"அப்ப ஏம்மா என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"எல்லாம் கேக்குது, இந்தப் பிளேயர்ல மட்டும் கேக்கலையேன்னு தோணிச்சு. ஆனா நீ அளந்து பாத்துட்டுச் சொல்றே. அது எனக்கு என்ன தெரியும்? சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. கோபித்திருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பாள்.

பஸ் வந்தது. அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பக்கத்தில் அவளுக்கும். பழைய பஸ், இன்ஜின் தரையெல்லாம் அதிர்ந்தது. பின்னால் யாரோ போனில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் தனக்கே கேட்காத அளவுக்கு அவள், "மன்னிச்சிடும்மா" என்றாள்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

கேட்டிருக்காது என்று இனிமேல் அவளால் நினைத்துக்கொள்ளவும் முடியாது.